வெளிநாட்டில் இலங்கைத் தொலைக்காட்சி இணையத்தில் ஏன் தடைபடுகிறது?

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ கைபேசியில் தடையின்றி ஓடும் அலைவரிசையை இலண்டனிலோ தோஹாவிலோ திறந்தால், செய்தி வரும், நாடகமும் வரும், கிரிக்கெட் தொடங்கியதும் ‘இந்நிகழ்ச்சி உங்கள் நாட்டில் கிடைக்காது’ என்ற வரி மட்டும் திரையில் நிற்கும். இதற்குப் புவியியல் தடை என்று பெயர். பார்ப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைக் கொண்டு ஒளிபரப்பைத் திறப்பதோ மூடுவதோ தான் அது.

காரணம் உரிமைதான். போட்டிகளும் திரைப்படங்களும் நாடு நாடாக விற்கப்படுவதால், இலங்கைக்கு மட்டும் உரிமை வாங்கிய நிறுவனம் அதைப் பிரித்தானியாவில் காட்டினால், அங்கே பணம் கொடுத்து வாங்கியவருக்கு நட்டம். களுவாஞ்சிக்குடியில் ஒரு தென்னந்தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் வேலிக்கு அப்பால் உள்ள மரத்தில் தேங்காய் பறிக்க முடியாது அல்லவா? சொந்தமாகத் தயாரித்த செய்திக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. ஆகவேதான் அது எங்கும் ஓடுகிறது.

நாட்டை அறிவது ஐபி முகவரியால். இணைய இணைப்பு ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் அந்த எண், எந்த நாட்டு நிறுவனம் வழங்கியது என்பதைக் காட்டிவிடும். இலங்கை சிம்மை ரோமிங்கில் பயன்படுத்தினால் தரவு பெரும்பாலும் இலங்கை வலையமைப்பின் வழியே செல்வதால், சில வேளை தடையே தெரியாது. கட்டணம்தான் கையைக் கடிக்கும்.

இலங்கையில் தொடங்கிய கணக்கும் மாதச் சந்தாவும் இருந்தால் எங்கிருந்தும் பார்க்கலாம் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் பொதுவாகச் சோதிக்கப்படுவது கணக்கு அன்று, அந்த நேரத்தில் இணைப்பு எங்கிருந்து வருகிறது என்பதே.