கூட வந்தவர் என்ன உறவு?

கேள்வி: நாங்கள் ஒன்பது பெண்கள் மாதம் ஒரு நாவல் படித்துவிட்டுக் கூடிப் பேசுகிறோம். போன மாதம் டேவிட் நிக்கோல்ஸ் எழுதிய ‘ஒன் டே’. எம்மாவும் டெக்ஸ்டரும் கல்லூரி முடித்த நாளிலிருந்து நண்பர்கள். அது காதல்தான் என்று புரிவதற்குள் இளமை போய்விடுகிறது, சேர்ந்து வாழ ஆரம்பித்த சில வருடத்தில் எம்மா விபத்தில் இறந்துவிடுகிறாள். ஐந்து பேர் இதுதான் உண்மைக் காதல் என்று அழுதார்கள். நானும் இன்னும் மூன்று பேரும், டெக்ஸ்டர் ஒரு சுயநலக்காரன், அவனுக்கு எம்மா கிடைத்திருக்கவே கூடாது என்று சொன்னோம். பெரிய சண்டையாகிவிட்டது. எனக்கும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரு நண்பன் உண்டு. எனக்கு 35 வயது, பெங்களூரில் வேலை. அவன் திருவையாற்றிலேயே எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறான். இருவருக்கும் திருமணம் ஆகவில்லை. இந்தக் கதை நெட்ஃபிளிக்ஸில் தொடராக வந்திருப்பதால் பார்க்கச் சொல்லி அவன் கருத்தையும் கேட்டேன். என் அப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிக்கொண்டு போகிற செவ்வாய், வெள்ளியில் அவன் மெசேஜ் லேட்டாகத்தான் வரும், அதனால் ராத்திரிதான் பதில் வந்தது. ‘எம்மா பாவம்’ என்று மட்டும் எழுதியிருந்தான். நாங்கள் இதுவரை ஒன்றும் சொல்லிக்கொண்டதில்லை. சொன்னால் இந்த நட்பே கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. வீட்டிலும் சம்மதிக்க மாட்டார்கள், காரணம் உங்களுக்கே புரியும். நாவலைப் பற்றி எங்களில் யார் சொன்னது சரி? நான் என்ன செய்யட்டும்? (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

– பெங்களூர் வாசகி

பதில்: உங்கள் முழுக் கடிதம் நான்கு பக்கம். டெக்ஸ்டரைத் திட்டுவதற்கு ஒன்றரைப் பக்கம், உங்கள் குழுவில் யார் யார் என்ன சொன்னார்கள் என்பதற்கு ஒரு பக்கம். அப்பாவின் டயாலிசிஸுக்கு அரை வாக்கியம். அதையும் ஒரு மெசேஜ் ஏன் லேட்டாக வந்தது என்று சொல்வதற்காகத்தான் எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த அரை வாக்கியத்திலேயே நின்றுவிட்டேன்.

உங்கள் நண்பர் எத்தனை நாளாக உங்கள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. செவ்வாய், வெள்ளி என்று கிழமையோடு உங்களுக்கு மனப்பாடமாக இருப்பதால் நேற்று ஆரம்பித்தது இல்லை என்று தெரிகிறது. ஒரு வருடம் என்றே வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு இரண்டு என்றால் 104 தடவை. ஒரு தடவை மெஷினில் படுத்தால் நான்கு மணி நேரம், ஆக 416 மணி நேரம். அதற்கு முன்னால் திருவையாற்றிலிருந்து தஞ்சாவூர் போகிற நேரம், காத்திருக்கிற நேரம், பின்னால் திரும்பி வருகிற நேரம். கடை வைத்திருப்பவருக்கு வாரத்தில் இரண்டு நாள் பாதி வியாபாரம் போய்விடும். இதெல்லாம் உங்களுக்கு ‘மெசேஜ் லேட்டாக வரும்’ என்பதாகத்தான் பதிவாகியிருக்கிறது.

என் மாமியாருக்கு இரண்டு வருடம் டயாலிசிஸ் நடந்தது, கூடப் போனவள் நான். அதனால் அந்த பெஞ்ச் எனக்குத் தெரியும். முதலில் எடை பார்ப்பார்கள். போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் நடுவில் எவ்வளவு தண்ணீர் ஏறியிருக்கிறது என்று நர்ஸ் கணக்குப் போட்டு, கூடவே நம்மையும் திட்டுவார், “என்னம்மா, சாம்பாரை ஊற்றிக் குடிக்க விட்டீங்களா?” என்று. கையில் இரண்டு ஊசி குத்தி மெஷினை ஓட விட்டால், கதவுக்கு வெளியே நமக்கு நான்கு மணி நேரம். நடுவில் மெஷின் கத்தும், எழுந்து ஓடுவோம். சில நாள் பிரஷர் இறங்கும், சில நாள் கெண்டைக்கால் சதை இழுத்துக்கொண்டு அந்த வயதான மனுஷி குழந்தை மாதிரி அழுவார், உள்ளே போய்க் காலைப் பிடித்துவிட வேண்டும். முடிந்ததும் ஊசியை எடுத்த இடத்தில் பஞ்சு வைத்து விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே உட்கார வேண்டும். சீக்கிரம் விட்டால் ரத்தம் பீறிக்கொண்டு வந்துவிடும், ரொம்ப அழுத்தினாலும் ஆகாது, ஊசி போடுவதற்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்துச் செய்த ஃபிஸ்டுலா அடைத்துக்கொள்ளும். அந்தப் பதம் விரலுக்குப் பழக எனக்கு ஒரு மாதம் ஆனது.

இப்போது உங்களை ஒன்று கேட்கிறேன். உங்கள் அப்பாவின் டிரை வெயிட் எவ்வளவு? உடம்பில் சேர்ந்த தண்ணீரெல்லாம் எடுத்த பிறகு நிற்க வேண்டிய எடை அது, டயாலிசிஸுக்குக் கூடப் போகிறவர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். எந்தக் கையில் ஃபிஸ்டுலா போட்டிருக்கிறது, எந்தக் கையில் பிரஷர் பார்க்கவே கூடாது? போன வெள்ளிக்கிழமை எத்தனை லிட்டர் எடுத்தார்கள்? வாழையும் தென்னையும் விளைகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, பொட்டாசியம் ஏறிவிடும் என்று ஒரு வாழைப்பழத்துக்கும் ஒரு இளநீருக்கும் அப்பாவிடம் தினமும் யார் மல்லுக்கட்டுகிறார்கள்? உங்களுக்குத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். தெரிந்திருந்தால் நான்கு பக்கத்தில் ஒரு வரியாவது அதைப் பற்றி வந்திருக்கும். அவருக்கு இதெல்லாம் தெரியும்.

சரி, நாவலுக்கு வருவோம், நீங்கள் கேட்டதும் அதுதான். அந்தப் புத்தகத்தை நானும் படித்திருக்கிறேன். 1988 ஜூலை 15, எடின்பரோவில் தொடங்கி, ஒவ்வொரு வருடமும் அதே ஜூலை 15-ஐ மட்டும் காட்டிக்கொண்டு போகிறது. அன்று மழை பெய்தால் தொடர்ந்து நாற்பது நாள் பெய்யும் என்று இங்கிலாந்தில் ஒரு பழைய நம்பிக்கை உண்டு, அந்த நாளைத்தான் ஆசிரியர் எடுத்துக்கொண்டிருக்கிறார். வருடத்துக்கு ஒரு நாள்தான் நம் கண்ணில் படும். மீதி 364 நாளில் யார் யாருக்காக என்ன செய்தார்கள் என்பதை நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும். உங்கள் நட்பையும் நீங்கள் அப்படித்தான் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். பொங்கலுக்கு வருவீர்கள், தீபாவளிக்கு வருவீர்கள், அவரும் வந்து திண்ணையில் உட்கார்ந்து பேசுவார், சிரிப்பீர்கள், ஆறாம் வகுப்புக் கதை ஓடும். நடுவில் இருக்கிற செவ்வாயும் வெள்ளியும் உங்கள் புத்தகத்தில் அச்சாகவே இல்லை.

டெக்ஸ்டர் சுயநலக்காரன் என்ற உங்கள் கட்சியோடு எனக்குப் பெரும்பாலும் உடன்பாடுதான். எம்மா லண்டனில் ஒரு மெக்சிகன் ஹோட்டலில் தட்டுத் தூக்கிக்கொண்டிருந்த காலத்தில் அவன் ஊர் ஊராகச் சுற்றினான், அப்புறம் டிவியில் பேர் வாங்கினான். மனசு உடைந்தால் மட்டும் அவளைத் தேடுவான். இந்தியாவில் இருந்தபோது குடித்துவிட்டு, இங்கே என்னிடம் வந்துவிடு என்று உருகி உருகி அவளுக்கு ஒரு கடிதம் எழுதினானே, அது அவளிடம் போய்ச் சேராததை உங்கள் தோழிகள் விதி என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மனசிலிருந்து வந்த வார்த்தையாக இருந்தால், தெளிந்த பிறகு இன்னொரு கடிதம் எழுதியிருப்பான். தபால்காரரையும் விதியையும் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. கடைசியில் 2001-இல்தான் சேர்கிறார்கள், 2004-இல் அவள் போய்விடுகிறாள். பதின்மூன்று வருடம் வீணடித்துவிட்டு மூன்றே வருடம் வாழ்ந்தார்கள். அதைத் தெய்வீகம் என்று அழுத ஐந்து பேரைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஆனால் உங்கள் ஒன்பது பேரில் ஒருவர்கூட அந்த அம்மாவைப் பற்றிப் பேசியதாக உங்கள் கடிதத்தில் இல்லை. டெக்ஸ்டரின் அம்மாவுக்குப் புற்றுநோய். பார்க்க வருகிறான், முதல் நாள் ராத்திரி ஆட்டம் போட்ட உடம்போடு. அம்மாவோடு பேச வேண்டிய நேரத்தைத் தூங்கியே கழிக்கிறான். திரும்ப ரயிலேற்றிவிடக் காரில் போகும்போது அவன் அப்பா, இனிமேல் இந்த நிலையில் அவளைப் பார்க்க வந்தால் உள்ளே விடமாட்டேன் என்கிற மாதிரி சொல்கிறார். எனக்கு மொத்த நாவலும் அந்தக் காரில் இருக்கிறது. பெற்றவளின் படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு மத்தியானம் முழித்துக்கொண்டு உட்கார முடியாதவன் ஒரு பெண்ணை எப்படி வைத்துக்கொள்வான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். காதலை நான் அங்கேதான் அளப்பேன், ஆஸ்பத்திரி வராந்தாவில். பழைய ஆள் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

அந்த அளவுகோலை உங்கள் கதையில் வைத்துப் பார்த்தால் யார் எம்மா, யார் டெக்ஸ்டர்? ஊரைவிட்டுப் போனவர் நீங்கள். நன்றாக வந்தவர் நீங்கள், அதில் ஒரு தப்பும் இல்லை. எது நடந்தாலும் அவன் இருப்பான் என்ற தைரியத்தில் வாழ்கிறவரும் நீங்கள்தான். அவர் அந்தத் தொடரை எப்போது பார்த்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்? கடை நேரத்திலா? அந்த பெஞ்சில் உட்கார்ந்து ஃபோனில் பார்த்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உள்ளே உங்கள் அப்பா படுத்திருக்கிறார். பார்த்து முடித்து, அவரை வீட்டில் இறக்கிவிட்டு, கடையைப் பூட்டிவிட்டு, ராத்திரி ‘எம்மா பாவம்’ என்று இரண்டு வார்த்தை அனுப்பியிருக்கிறார். நீங்கள் அதைக் குழுவில் பத்தாவது கருத்தாகச் சேர்த்துக்கொண்டீர்கள். அம்மா, அது நாவல் விமர்சனம் இல்லை.

அப்புறம் அந்தப் பயம், ‘சொன்னால் நட்பு கெட்டுவிடுமோ’. இந்தப் பகுதியை எழுத ஆரம்பித்த நாளிலிருந்து இந்த வரியைப் படித்துக்கொண்டிருக்கிறேன், அதற்கு நீங்கள் எதிர்பார்க்கிற ஆறுதல் என்னிடம் இல்லை. கெட்டாலும் கெடும். ஆனால் உங்களை நீங்களே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். கெட்டுவிடுமோ என்று பயப்படுவது நட்பு மட்டும்தானா? அது போனால் செவ்வாய்க்கிழமைக்கு யார் என்ற பயம் அதற்கு அடியில் இல்லையா? இருந்தால் உங்களைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், அப்பாவை நினைத்து வருகிற பயம்தானே. ஆனால் அதற்கு நட்பு என்று பெயர் வைத்துக்கொண்டு ஒரு மனிதரின் 35 வயதை, 36 வயதைச் செலவழிக்காதீர்கள்.

வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள், காரணம் உங்களுக்கே புரியும் என்கிறீர்கள். புரிகிறது. ஜாதி என்று எழுதக்கூட வாய் வரவில்லை உங்களுக்கு. உங்கள் அப்பா அந்தப் பையனின் தோளைப் பிடித்துக்கொண்டு காரில் ஏறுகிறார், இறங்குகிறார். அப்பா வாந்தி எடுத்தால் உங்கள் நண்பர்தான் கையில் ஏந்துகிறார். அதற்கெல்லாம் குறுக்கே வராத ஜாதி, பத்திரிகை அடிக்கும்போது மட்டும் எங்கிருந்து வருகிறது? இதை உங்கள் அப்பாவிடம் நேருக்கு நேர் கேட்க வேண்டியவர் நீங்கள். நோயாளியிடம் எப்படிக் கேட்பது என்று ஆரம்பிக்காதீர்கள். நோயாளி என்பதால்தான் அவருக்கு அந்தத் தோளின் அருமை நம் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

நன்றிக்காக அவருக்குக் கழுத்தை நீட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. கடனைத் தீர்க்கக் கட்டுகிற தாலி இரண்டு பேருக்கும் பாரம். அவரைக் கணவராக நினைத்துப் பார்க்க உங்களால் முடியவில்லை என்றால் அதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், அவருக்கும் ஒரு வாழ்க்கை அமையட்டும். ஆனால் அப்படிச் சொல்லிவிட்டு, செவ்வாய்க்கிழமை மறக்காமல் வந்துவிடு என்று சொல்லக் கூடாது. அப்பா உங்கள் பொறுப்பு. பெங்களூருக்கு அழைத்துக்கொள்ளுங்கள், அங்கே இல்லாத டயாலிசிஸ் சென்டரா? அவர் ஊரைவிட்டு வரமாட்டார் என்றால் வீட்டிலிருந்து வேலை கேளுங்கள், கிடைக்காவிட்டால் சம்பளம் கொடுத்து ஒரு ஆளை வையுங்கள். பெற்றவர்களைப் பார்த்துக்கொள்வதை நண்பனின் நல்ல குணத்தின் மேல் ஏற்றிவைப்பது எனக்குப் பிடிக்கவில்லை, நீங்கள் மகளாக இல்லாமல் மகனாக இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

பிடித்திருக்கிறது என்றால், உங்கள் கடிதத்தைப் படித்தவரை அப்படித்தான் எனக்குப் படுகிறது, அதை மெசேஜில் எழுதாதீர்கள். நாவலை வைத்தும் ஜாடை பேசாதீர்கள்.

பத்து நாள் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போங்கள். அவரை செவ்வாய்க்கிழமை முழு நாளும் கடையைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். அப்பாவோடு நீங்கள் போங்கள். நான் போய்வந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள், நோயாளியின் பெயருக்குக் கீழே ‘கூட வந்தவர்’, அதற்குப் பக்கத்தில் ‘உறவுமுறை’ என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அங்கேயும் இருந்தால், பழைய தாள்களைக் காட்டச் சொல்லி நர்ஸிடம் கேளுங்கள். இத்தனை நாளாக அந்தக் கட்டத்தில் அவர் என்ன எழுதி வந்திருக்கிறார் என்று நீங்களே உங்கள் கண்ணால் பாருங்கள். நண்பர் என்றா, மகன் என்றா, ஒன்றும் எழுதாமல் காலியாகவா. அப்புறம் நான்கு மணி நேரம் அந்த பெஞ்சில் உட்காருங்கள், ஃபோனைப் பைக்குள் போட்டுவிட்டு. சாயங்காலம் நேராக அவர் கடைக்குப் போங்கள். முதலில் பஞ்சை எவ்வளவு நேரம், எவ்வளவு அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று கேளுங்கள், அவர் சொல்லிக்கொடுப்பார். மீதியை அதற்குப் பிறகு பேசுங்கள்.