பென்டிரைவில் ஓடும் சிறு லினக்ஸ்: வாசகர் கேள்வி பதில்

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்த பிறகு, பழைய கணினியை என்ன செய்வது என்று கேட்டுப் பல கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுள், விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமாகிய லினக்ஸைப் பென்டிரைவிலிருந்து இயக்குவது தொடர்பான கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: என் மடிக்கணினியின் ஹார்டு டிஸ்க் பழுதாகிவிட்டது. ராம் 2 ஜி.பி. தான். கையில் 8 ஜி.பி. பென்டிரைவ் ஒன்று சும்மா கிடக்கிறது. புதிய டிஸ்க் வாங்காமல் இதிலேயே லினக்ஸை ஓட்ட முடியுமா? எந்த லினக்ஸ் பொருந்தும்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: முடியும். பழுதான டிஸ்க்கைக் கழற்றி எடுத்துவிட்டே ஓட்டலாம். ஆனால் உபுண்டு போன்ற பெரிய லினக்ஸ் ஒன்றை, டிஸ்க்கில் நிறுவும் அதே முறையில் பென்டிரைவில் நிறுவிவிடாதீர்கள். அத்தகைய அமைப்புகள் பின்னணியில் ஓயாமல் சிறுசிறு கோப்புகளை எழுதிக்கொண்டிருக்கும். பெரிய கோப்பு ஒன்றை ஒரே மூச்சில் படிப்பது பென்டிரைவுக்கு எளிது. சிதறலான சிறு பதிவுகளை எழுதச் சொன்னால் திணறிப்போகும். சுட்டியை அழுத்திவிட்டு அரை நிமிடம் காத்திருக்க நேர்வது இதனால்தான்.

இந்தச் சிக்கலைக் கருத்தில் கொண்டே உருவாக்கப்பட்டவற்றுள் முக்கியமானது, ஆஸ்திரேலியரான பேரி காலர் 2003இல் தொடங்கிய பப்பி லினக்ஸ். அதன் மொத்த மென்பொருள்களும் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்னும் முறையில் அழுத்திச் சுருக்கப்பட்டு, சில பெரிய கோப்புகளாக மட்டுமே பென்டிரைவில் இருக்கும். கணினி தொடங்கும்போது, ராம் போதுமான அளவு இருந்தால், அக்கோப்புகள் அப்படியே ராமுக்கு நகலெடுக்கப்படுகின்றன. அதன்மேல் எழுதக்கூடிய வெற்று அடுக்கு ஒன்று விரிக்கப்பட்டு, கீழேயுள்ள மாறாத அடுக்கும் மேலேயுள்ள மாறும் அடுக்கும் ஒரே கோப்பு முறைமையாகப் பயனருக்குக் காட்டப்படுகின்றன. பழைய யு.எஸ்.பி. 2.0 துளையில் நொடிக்கு 25 முதல் 30 எம்.பி. வரைதான் படிக்க முடியும் என்பதால் தொடக்கத்தில் சற்றுப் பொறுத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு எல்லாம் ராமிலிருந்தே நடப்பதால், டிஸ்க்கில் நிறுவிய அமைப்பைக் காட்டிலும் சுறுசுறுப்பாகவே இயங்கும்.

இன்னும் சிறியது வேண்டுமென்றால் டைனி கோர் உண்டு. 50 எம்.பி. வரம்பை வைத்துக்கொண்டு வளர்ந்த டேம் ஸ்மால் லினக்ஸில் பணியாற்றிய ராபர்ட் ஷிங்கிள்டெக்கர் தொடங்கிய திட்டம் இது. வரைகலைத் திரையோடு சேர்த்தே 25 எம்.பி.க்குள் அடங்கும், 46 எம்.பி. ராம் இருந்தாலே தொடங்கிவிடும். ஆனால் அந்த 25 எம்.பி.யில் உலாவி கிடையாது, வைஃபை மென்பொருள் கிடையாது. ஒவ்வொன்றையும் நீங்களே தேர்ந்து இறக்கிச் சேர்க்க வேண்டும். வைஃபையை இயக்குவதற்கான தொகுப்பை இறக்கவே இணையம் தேவைப்படுவதால், முதல் நாள் கேபிள் இணைப்பு இருப்பது நல்லது. அல்லது வைஃபைத் தொகுப்புகளையும் உள்ளடக்கிய கோர் பிளஸ் பதிப்பை எடுத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் 2 ஜி.பி. கணினிக்கு டெபியன் 12ஐ அடிப்படையாகக் கொண்ட புக்வார்ம்பப் போதும். செயலி 64 பிட் வகையா 32 பிட் வகையா என்று முதலில் பார்த்து, அதற்குரிய பதிப்பை இறக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐ.எஸ்.ஓ. கோப்பைப் பென்டிரைவில் காப்பி செய்து வைத்தேன். கணினி அதைக் கண்டுகொள்ளாமல் நேராக விண்டோஸுக்கே போகிறது. என்ன செய்வது?
– வாசகர், காரைக்குடி

பதில்: ஐ.எஸ்.ஓ. என்பது இயங்குதளம் முழுவதையும் ஒரே கோப்பாக அடைத்த பொட்டலம் போன்றது. அதைப் பிரிக்காமல் வைத்தால் கணினிக்கு அது வெறும் ஒரு கோப்பு மட்டுமே. விண்டோஸில் ரூஃபஸ் என்னும் இலவச மென்பொருளால் அதைப் பென்டிரைவில் எழுதுங்கள். எழுதும்போது ஐ.எஸ்.ஓ. முறையா, டி.டி. முறையா என்று ரூஃபஸ் கேட்டால் ஐ.எஸ்.ஓ. முறையைத் தேர்ந்தெடுங்கள். டி.டி. முறையில் குறுந்தகட்டின் அச்சு அப்படியே பென்டிரைவில் பதிந்து, படிக்க மட்டுமே முடிகிற பகுதியாகிவிடும், 8 ஜி.பி. பென்டிரைவில் ஒரு ஜி.பி. கூடத் தெரியவில்லையே என்று பலர் பதறுவது இந்த முறையில் எழுதிவிட்டுத்தான்.

அடுத்து, கணினியை இயக்கியவுடன், எதிலிருந்து தொடங்குவது என்று தேர்ந்தெடுக்கும் பூட் மெனுவுக்குரிய விசையைத் தட்ட வேண்டும். டெல், லெனோவா கணினிகளில் பெரும்பாலும் எஃப்12, எச்.பி.யில் எஃப்9, ஆசுஸ் மடிக்கணினிகளில் எஸ்கேப். அதன் பிறகும் தொடங்காவிட்டால், கையொப்பமிட்ட இயங்குதளங்களை மட்டுமே தொடங்க விடும் செக்யூர் பூட் என்னும் காப்பு தடுக்கிறது என்று பொருள் கொள்ளலாம். சிறு லினக்ஸ்கள் பலவற்றுக்கு அதற்கான கையொப்பம் இல்லாததால் அதை அணைக்க வேண்டியிருக்கும். விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் வசதி இயங்கினால், அணைப்பதற்கு முன் அதன் மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். செக்யூர் பூட்டை மாற்றியபின் விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும். கையில் இல்லையென்றால் உங்கள் கோப்புகளுக்குள் நீங்களே நுழைய முடியாது.

கேள்வி: பப்பியில் இரண்டு மணி நேரம் தட்டச்சு செய்த கட்டுரை, கணினியை அணைத்துப் போட்டதும் காணாமல் போய்விட்டது. பென்டிரைவ் பழுதா?
– ஆசிரியை, நாகர்கோவில்

பதில்: பென்டிரைவில் குறையில்லை. முன்பு சொன்ன மேல் அடுக்கு ராமில் இருக்கிறது. மின்சாரம் நின்றால் அதுவும் மறையும். முதன்முறை கணினியை அணைக்கும்போது, மாற்றங்களைச் சேமிக்கவா என்று பப்பி ஒரு பெட்டியில் கேட்டிருக்கும். வேண்டாம் என்றோ, அவசரத்தில் பவர் பொத்தானை அழுத்தியோ அணைத்திருப்பீர்கள். வேண்டும் என்று சொன்னால் பென்டிரைவில் சேமிப்புக் கோப்பு ஒன்றை அது உருவாக்கும். அடுத்த முறை தொடங்குகையில் அக்கோப்பைத் தேடிப்பிடித்துத் தன் அடுக்குகளுக்கு இடையே செருகிக்கொள்ளும்.

அக்கோப்பை உருவாக்கிய பின்னரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பென்டிரைவ் தேயாமல் இருப்பதற்காக, பப்பி உங்கள் மாற்றங்களை உடனுக்குடன் அதில் எழுதுவதில்லை. ராமில் வைத்திருந்து, வழக்கமாக 30 நிமிடங்களுக்கு ஒருமுறையும் முறைப்படி அணைக்கும்போதும் எழுதுகிறது. இடையில் மின்சாரம் போனால், கடைசியாக எழுதியதற்குப் பிந்தைய வேலை போய்விடும். ஆகவே முக்கியமான வேலை முடிந்தவுடன் திரையிலுள்ள சேவ் சின்னத்தை அழுத்திவிடுங்கள். அதைவிட நல்லது, கட்டுரைகளையும் படங்களையும் சேமிப்புக் கோப்புக்குள் போடாமல், பென்டிரைவிலேயே தனி அடைவில் நேரடியாக வைப்பது. அப்படி வைத்தால் சேமிப்புக் கோப்பு கெட்டுப்போனாலும் கட்டுரைகள் தப்பும். விண்டோஸ் கணினியில் செருகியும் படிக்கலாம். பென்டிரைவ் ஃபேட்32 வடிவில் இருந்தால் எந்தத் தனிக் கோப்பும் 4 ஜி.பி.யைத் தாண்ட முடியாது என்பதால், சேமிப்புக் கோப்பை எப்படியும் அந்த அளவுக்குள்தான் வைத்தாக வேண்டும்.

டைனி கோர் பயன்படுத்துவோருக்கும் ஒரு சொல். அங்கே அணைக்கும்போது வீட்டு அடைவு முழுவதும் ஒரே கோப்பாகச் சுருக்கிக் கட்டி வைக்கப்படுகிறது. அந்த அடைவில் ஒரு திரைப்படத்தை இறக்கி வைத்தீர்களானால், ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் அந்தப் படம் முழுவதும் மீண்டும் சுருக்கப்படும். கணினி அணைய மறுக்கிறது என்று தோன்றும்.

கேள்வி: இடம் போதாமல், தேவையற்ற மென்பொருள்கள் சிலவற்றைப் பப்பியிலிருந்து நீக்கினேன். இடம் கூடவே இல்லை.
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: இடம் அதிகரிக்காது. கீழ் அடுக்கு படிக்க மட்டுமே ஆனது. அதிலுள்ள எதையும் உண்மையில் அழிக்க முடியாது. நீங்கள் நீக்கியதும், ‘இந்தக் கோப்பைக் காட்டாதே’ என்னும் சிறு குறிப்பு ஒன்று மேல் அடுக்கில் எழுதப்படுகிறது, அவ்வளவே. நீங்களாகப் பின்னர் நிறுவியவற்றை நீக்கினால் மட்டுமே இடம் மிஞ்சும்.

கேள்வி: 1 ஜி.பி. ராமில் பப்பி பறக்கிறது. ஆனால் உலாவியில் மூன்று தாவல்களைத் திறந்தால் எல்லாம் உறைந்துபோகிறது. இன்னும் சிறிய லினக்ஸுக்கு மாறினால் சரியாகுமா?
– கல்லூரி மாணவர், சேலம்

பதில்: ஆகாது. இயங்குதளத்தைச் சிறிதாக்கலாம், இணையப் பக்கங்களைச் சிறிதாக்க முடியாது. இன்றைய காணொளித் தளம் ஒன்றோ மின்னஞ்சல் பக்கம் ஒன்றோ திறந்தால், அந்த ஒரு தாவலே சில நூறு எம்.பி. ராமை எடுத்துக்கொள்ளும், பப்பியை விட்டு டைனி கோருக்குப் போவதால் மிஞ்சும் ராம் அதற்கு ஈடாகாது. சிறு லினக்ஸ் பற்றிய விளம்பரத் தொனியிலான கட்டுரைகள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை.

செய்யக்கூடியவை சில உண்டு. ராமின் ஒரு பகுதியையே சுருக்கி, ராம் நிரம்பும்போது கைகொடுக்கும் இடமாற்று நினைவகமாகப் பயன்படுத்தும் இசட்ராம் வசதியை இயக்கலாம். விளம்பரத் தடுப்பு நீட்சி ஒன்றைச் சேர்த்தால் பக்கங்கள் கணிசமாக இளைக்கும். பப்பி தொடங்கும்போது, முதன்மைக் கோப்பை ராமுக்கு நகலெடுக்காதே என்று தேர்ந்தெடுத்தால், வேகம் சற்றுக் குறைந்தாலும் அந்த ராம் உலாவிக்குக் கிடைக்கும். ஆனால் உங்கள் மடிக்கணினியில் காலித் துளை இருந்தால், பழைய ராம் குச்சி ஒன்றை வாங்கிச் செருகுவதே இவை எல்லாவற்றையும்விடச் சிறந்த தீர்வு.

கேள்வி: பப்பியில் எப்போதும் எதையும் மாற்றும் முழு அதிகாரமுள்ள ரூட் பயனராகவே இருக்கிறோம் என்கிறார்களே, அதில் வங்கிக் கணக்கைத் திறப்பது பாதுகாப்பானதா?
– ஓய்வுபெற்ற அலுவலர், கோயம்புத்தூர்

பதில்: ஒருவரே பயன்படுத்தும் கணினியில், கீழ் அடுக்கு மாறாமல் இருக்கும் அமைப்பில், ரூட்டாக இருப்பது பிற லினக்ஸ்களில் இருக்கும் அளவுக்கு ஆபத்தில்லை என்பது பப்பி தரப்பு வாதம். அதில் பாதியை ஒப்புக்கொள்ளலாம். அமைப்பு கெட்டால் மறுதொடக்கத்தில் பழைய நிலைக்கு மீள முடியும் என்பது உண்மை. ஆனால் உங்கள் கணினிக்குள் விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கை மாறாத அடுக்கு எதுவும் காப்பதில்லை. டிஸ்க்குகளைப் பிரிக்கவும் அழிக்கவும் உதவும் ஜிபார்ட்டெட் மென்பொருளில் பென்டிரைவ் என்று நினைத்து உள் டிஸ்க்கைத் தேர்ந்து அழித்தால், கடவுச்சொல் எதுவும் கேட்காமலேயே அது அழிந்துவிடும். அழிக்கும் முன் பட்டியலில் இருக்கும் கொள்ளளவைப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள், 8 ஜி.பி.யையும் 500 ஜி.பி.யையும் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

வங்கி வேலைக்கு, சேமிப்புக் கோப்பைப் புறக்கணித்து ராமில் மட்டும் தொடங்கும் தேர்வு பப்பியின் தொடக்கப் பட்டியலில் இருக்கிறது. வேலை முடிந்து அணைத்தால் கடவுச்சொல்லோ உலாவித் தடமோ பென்டிரைவில் மிஞ்சாது. இதில் இன்னொரு பக்கமும் உண்டு: அப்படித் தொடங்கும்போது கிடைப்பது, பப்பி வெளியான நாளில் இருந்த பழைய உலாவி. இரண்டு வருடப் பழைய உலாவியில் வங்கித் தளத்தைத் திறப்பதை என்னால் பரிந்துரைக்க முடியாது. உலாவியை மட்டும் தனி எஸ்.எஃப்.எஸ். (ஸ்குவாஷ்எஃப்எஸ் முறையில் சுருக்கிய) கோப்பாகவோ தனி அடைவாகவோ வைத்துக்கொண்டு அவ்வப்போது புதுப்பிப்பதே சரியான வழி.

கேள்வி: இவற்றில் தமிழ் தெரியுமா, தட்டச்சு செய்ய முடியுமா?
– வாசகி, திருச்சி

பதில்: எழுத்துரு இல்லாதவரை தமிழ் இருக்குமிடத்தில் கட்டங்கள்தாம் தெரியும். லோகித் தமிழ் அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருக் கோப்பை எழுத்துரு அடைவில் போட்டு உலாவியை மீண்டும் திறந்தால், இணையப் பக்கங்கள் சரியாகத் தெரியும். எழுத்துகளைக் கோக்கும் வேலையை ஃபயர்பாக்ஸும் குரோமியமும் தாமே செய்துகொள்கின்றன. சாளரங்களையும் பொத்தான்களையும் வரைந்து தரும் ஜி.டி.கே. கருவித்தொகுப்பால் எழுதப்பட்ட பப்பியின் மென்பொருள்களிலும் சிக்கலில்லை. டைனி கோரில் எஃப்.எல்.டி.கே. என்னும் அதே வகைக் கருவித்தொகுப்பைக் கொண்டு எழுதப்பட்ட மென்பொருள்களில்தான் தொல்லை: ‘செ’ என்று தட்டினால் ஒற்றைக் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கக் காணலாம்.

தட்டச்சுக்கு, லினக்ஸின் வரைகலைத் திரையை இயக்கும் எக்ஸ் சாளர அமைப்பிலேயே தமிழ் விசைப்பலகைகள் இருக்கின்றன. கூடுதல் ராம் தேவையில்லை. ஆனால் அவை அழுத்திய விசைக்குரிய எழுத்தைத் தருபவை மட்டுமே. முன்னால் என்ன எழுத்து இருக்கிறது என்று பார்க்கத் தெரியாது. தமிழ்99 முறையில் மெய்யெழுத்துகளுக்குத் தானாகப் புள்ளி விழ வேண்டுமென்றால் ஐபஸ் என்னும் தட்டச்சு மென்பொருளும் அதற்கான எம்17என் விசைப்பலகைத் தொகுப்பும் நிறுவ வேண்டும். 2 ஜி.பி. ராமில் அது சுமையாகாது.

கேள்வி: இப்படி ஓட்டினால் பென்டிரைவ் எத்தனை நாள் தாங்கும்?
– வாசகர், வேலூர்

பதில்: பென்டிரைவிலுள்ள நினைவகத்தை அழித்து எழுதுவதற்கு ஓர் எல்லை உண்டு, படிப்பதற்கு நடைமுறையில் எல்லையில்லை என்றே கொள்ளலாம். பப்பியும் டைனி கோரும் எப்போதாவது மட்டுமே எழுதுவதால், இவை தேய்ந்து சாவதைவிட, எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கப்பட்டுக் கெடுவதே அதிகம். இடமாற்றுப் பகுதியை மட்டும் பென்டிரைவில் ஒருபோதும் வைக்காதீர்கள். மாதம் ஒருமுறை சேமிப்புக் கோப்பை வேறொரு கணினியில் நகலெடுத்து வைத்திருந்தால், பென்டிரைவ் தொலைந்தாலும் புதிதாக ஒன்றில் ஐ.எஸ்.ஓ.வை எழுதி, அந்தக் கோப்பை அதே இடத்தில் போட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.