டைவர்சிட்டி இன்டர்ன்ஷிப்: எந்தக் கட்டத்தில் டிக் போடுவது?

கேள்வி: நியூ ஜெர்சியில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எஃப்-1 மாணவர் விசா. அப்பா பாலிடெக்னிக் டிப்ளமா, அம்மா பத்தாம் வகுப்பு. இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங்கில் சேர வேண்டும் என்பது என் ஆசை. பெரிய வங்கிகளின் டைவர்சிட்டி இன்டர்ன்ஷிப்புகளுக்கு (வாய்ப்புக் குறைந்த பிரிவினரை உள்ளே கொண்டுவர நடத்தும் பயிற்சி வேலைகளுக்கு) விண்ணப்பிக்கப் போனால் சீனியர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். "இந்தியர்கள் ஏற்கெனவே நிறைய இருக்கிறார்கள், நமக்கு அது கிடையாது" என்கிறார் ஒருவர். "இனம் கேட்கும் இடத்தில் ஆசியன் என்று போடாதே" என்கிறார் இன்னொருவர். "சிட்டிசன் என்று போட்டு முதலில் உள்ளே போய்விடு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார் மூன்றாமவர். பள்ளியிலேயே படித்த ஏபி எனும் கல்லூரித் தரப் பாடங்களின் கிரெடிட் இருப்பதால் மூன்றே ஆண்டில் படிப்பை முடிக்கவும் என்னால் முடியும். அது இதைப் பாதிக்குமா? ஊரில் நாங்கள் பட்டியல் சாதி. அந்தச் சான்றிதழுக்கு இங்கே ஏதாவது பொருள் உண்டா?

பதில்: மூன்றாவது சீனியர் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் எதிர்காலத்தையே புரட்டிப் போடக்கூடியது அது ஒன்றுதான்.

அமெரிக்காவில் எந்த வேலையில் சேர்ந்தாலும் ஐ-9 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். குடிமக்களா, கிரீன் கார்டு உள்ளவரா, தற்காலிக அனுமதியில் வேலை செய்பவரா என்று அதில் தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். குடிமகள் அல்லாத ஒருவர் முதல் கட்டத்தில் டிக் போட்டால், 1996-ல் குடிவரவுச் சட்டத்தில் சேர்த்த ஒரு பிரிவு அவர் மேல் பாயும். வேலை போன்ற ஒரு பலனுக்காகத் தன்னைக் குடிமகள் என்று பொய்யாகச் சொன்னவர் இந்த நாட்டுக்குள் அனுமதிக்கப்படத் தகுதியற்றவர் என்கிறது அந்தப் பிரிவு. பின்னாளில் கிரீன் கார்டு கேட்கும்போது இதற்கு மன்னிப்பு என்று ஒன்று அநேகமாகக் கிடையாது. அமெரிக்கக் குடிமகன் ஒருவரைத் திருமணம் செய்துகொண்டாலும் இந்தக் கறை போகாது. இருபது வயதில் ஒரு நொடியில் போட்ட டிக், முப்பத்தைந்து வயதில் குடும்பத்தோடு நிற்கும்போது எதிரே வந்து நிற்கும். விண்ணப்பத்தில் சிட்டிசன் என்று எழுதினால் ஐ-9 படிவத்திலும் அதையே எழுத வேண்டிய நெருக்கடி வரும். அதனால் விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே உண்மையை எழுதிவிடுங்கள். தயவுசெய்து அந்தச் சீனியருக்கும் இதைச் சொல்லுங்கள், ஒருவேளை அவரே அப்படிச் செய்திருக்கக்கூடும். செய்திருந்தால் அவர் உடனே ஒரு குடிவரவு வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது.

வங்கிகள் வழக்கமாகக் கேட்பவை இரண்டு கேள்விகள். அமெரிக்காவில் வேலை செய்யச் சட்டப்படி அனுமதி உண்டா என்பது முதலாவது. இப்போதோ பிற்பாடோ விசா ஸ்பான்சர்ஷிப், அதாவது வேலை விசாவுக்கு நிறுவனம் உங்களுக்காக விண்ணப்பிப்பது, தேவைப்படுமா என்பது இரண்டாவது. படிப்பு முடிந்த பிறகும் இங்கேயே வேலை செய்யும் எண்ணம் இருந்தால் இரண்டாவதற்கு நேர்மையான பதில் "ஆம்"தான். முதல் கேள்விக்கான பதில், சிபிடி (படிப்பின் பகுதியாக வெளியே வேலை செய்ய எஃப்-1 மாணவருக்குத் தரும் அனுமதி) வாங்க உங்களுக்கு வழி இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் டிஎஸ்ஓவை (மாணவர் விசா விவகாரங்களைக் கவனிக்கும் அதிகாரியை) பார்த்து, அவர் சொல்வதை மின்னஞ்சலில் வாங்கிக்கொண்டு நிரப்புங்கள்.

ஸ்பான்சர்ஷிப் தேவைப்படுபவர்களை எடுப்பதில்லை என்று ஒரு வங்கி சொன்னால் பொதுவாக அது சட்டமீறல் ஆகாது. குடியுரிமை நிலையை வைத்து வேலையில் பாகுபாடு காட்டக்கூடாது என்று 1986-ல் ஒரு சட்டம் வந்தது. ஆனால் குடிமக்கள், கிரீன் கார்டு உள்ளவர்களில் பெரும்பாலோர், அகதிகள், தஞ்சம் பெற்றவர்கள் ஆகியோரைத்தான் அது காக்கிறது. எஃப்-1 மாணவர் அந்த வட்டத்துக்கு வெளியே நிற்கிறார். இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் உங்களைத் தடுக்கப்போவது இனம் கேட்கும் கட்டம் இல்லை, இந்த ஸ்பான்சர்ஷிப் கேள்விதான். ஆகவே தகுதி விதிகளைப் படிக்கும்போது இந்த வரியை முதலில் தேடுங்கள். அதே சமயம், "இந்தியாவில் பிறந்தவர்கள் வேண்டாம்" என்று யாராவது சொன்னால் கதையே வேறு. பூர்வீக நாட்டை வைத்து ஒதுக்குவதை 1964-ன் குடிமை உரிமைகள் சட்டம் தடுக்கிறது, விசாவில் இருப்பவர் என்பதற்காக அந்தப் பாதுகாப்பு இல்லாமல் போகாது.

சரி, முதல் சீனியர் சொன்னதற்கு வருவோம். ஒரு காலத்தில் அவர் சொன்னது பல இடங்களில் உண்மையாக இருந்தது. வால் ஸ்ட்ரீட் வாசலே தெரியாத மாணவர்களை உள்ளே கொண்டுவரத்தான் இந்தத் திட்டங்கள் பிறந்தன. நியூயார்க்கில் 1963-ல் தொடங்கிய எஸ்இஓ போன்ற அமைப்புகள் கறுப்பின, லத்தீன் அமெரிக்க மாணவர்களை வங்கிகளுக்கு அறிமுகம் செய்துவைத்தன. அப்புறம் வங்கிகளே தனித்தனியாக நடத்த ஆரம்பித்தன. சிலவற்றில் இன்னின்ன இனத்தவர் மட்டும் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கும், ஆசியர்கள் அந்தப் பட்டியலில் இருக்க மாட்டார்கள்.

அந்த நிலைமை மாறியது 2023 ஜூன் 29-க்குப் பிறகு. ஹார்வர்டு, வட கரோலினா பல்கலைக்கழகங்களின் மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுத்த முறை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் அன்று தீர்ப்பளித்தது. அது கல்லூரிச் சேர்க்கை வழக்கு, வேலைவாய்ப்புச் சட்டத்தில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. மாற்ற வேண்டிய தேவையும் இல்லை என்றுதான் சொல்வேன். இனத்தைப் பார்த்து ஒருவரை வேலைக்கு எடுக்காமல் விடுவதை 1964 சட்டம் ஏற்கெனவே தடுத்திருந்தது. பயிற்சித் திட்டங்களுக்கென்று அதில் தனிப் பிரிவே உண்டு. ஒப்பந்தம் செய்துகொள்வதில் எல்லா இனத்தாருக்கும் சம உரிமை தரும் 1866-ம் ஆண்டுச் சட்டமும் உண்டு. அடிமை முறை ஒழிந்த கையோடு, விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்காக வந்த சட்டம் அது. அந்தச் சட்டத்தையே கையில் எடுத்து, 2023 ஆகஸ்டில் இரண்டு பெரிய வழக்கறிஞர் நிறுவனங்களின் டைவர்சிட்டி ஃபெல்லோஷிப்கள் மேல் வழக்குத் தொடுத்தார்கள். சில வாரங்களிலேயே இரண்டும் விதியைத் திருத்தி எல்லோருக்கும் திறந்துவிட்டன. வங்கிகளும் அதைப் பார்த்தன. கறுப்பின மாணவர்களுக்கென கோல்ட்மேன் சாக்ஸ் நடத்திவந்த ஒரு நிகழ்ச்சியில் மற்றவர்களும் சேரலாம் என்று ஆனதாக 2024-ல் செய்தி வந்தது.

2025-ல் இந்தப் போக்கு இன்னும் வேகமெடுத்தது. ஜனவரி 21 அன்று, தனியார் நிறுவனங்களின் டைவர்சிட்டி திட்டங்களைக் குறிவைத்து அதிபரின் ஆணை ஒன்று வந்தது. மார்ச்சில் சம வேலைவாய்ப்பு ஆணையம் வெளியிட்ட விளக்கக் குறிப்பு, இன்டர்ன்ஷிப்பையும் ஃபெல்லோஷிப்பையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. ஜூன் 5 அன்று, பெரும்பான்மைப் பிரிவைச் சேர்ந்தவர் பாகுபாட்டு வழக்குப் போட்டால் கூடுதலாக எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது.

ஆகவே இன்று பேரில் டைவர்சிட்டி என்று இருந்தாலும், உள்ளே போய்ப் படித்தால் "எல்லாப் பின்னணியினரும் விண்ணப்பிக்கலாம்" என்ற வரியைப் பெரும்பாலும் பார்ப்பீர்கள். அந்த வரி இருந்தால் தயங்க வேண்டாம். பெண்களுக்கான நிகழ்ச்சிகளிலும் இதே மாற்றம் நடந்துவருகிறது, அவற்றுக்கும் போடுங்கள். ஒருவேளை பழைய பாணியில் இன்ன இனம் மட்டும் என்று எழுதியிருந்தால், அதனால் வரும் சட்டச் சிக்கல் வங்கிக்குத்தான். உண்மையை எழுதி விண்ணப்பித்ததற்காக உங்கள் மேல் எந்தக் குற்றமும் வராது. அதிகபட்சம் நிராகரிப்பார்கள். கதவு அகலமானதில் உங்களுக்கு லாபம் உண்டு, கூட்டமும் அதே அளவுக்குக் கூடியிருக்கிறது என்பதையும் மனதில் வையுங்கள்.

இரண்டாவது சீனியருக்குப் பதில் சுருக்கமானது. இனம் கேட்கும் பகுதிக்குப் பதில் சொல்வது உங்கள் விருப்பம். "சொல்ல விரும்பவில்லை" என்று விடலாம், யாரும் கேள்வி கேட்க முடியாது. ஆனால் பதில் எழுதினால் உண்மையை எழுத வேண்டும். அமெரிக்க அரசின் வகைப்பாட்டில் இந்தியத் துணைக்கண்டத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள் ஆசியர்கள். இல்லாத இனத்தை எழுதுவதால் ஒரு பயனும் இல்லை, ஆபத்து மட்டும்தான் மிச்சம். தெரியவந்தால் வேலை வாக்குறுதியைத் திரும்பப் பெறுவார்கள், சேர்ந்த பிறகு தெரிந்தால் வெளியே அனுப்புவார்கள். நிதித்துறையில் பின்னணிச் சோதனை கடுமையாகவே இருக்கும், கைரேகை வரை எடுப்பார்கள். மதிப்பெண் சராசரியைக் கொஞ்சம் ஏற்றிப் போடுபவர்களும் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

உங்கள் கையில் உண்மையாகவே வலுவான ஒன்று இருக்கிறது, அதை நீங்கள் கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை. பெற்றோரில் யாரும் பட்டம் பெறாத "முதல் தலைமுறை" மாணவர்களுக்கான திட்டங்களைச் சொல்கிறேன். இவற்றில் இனம் வருவதில்லை, அதனால் சட்டப்படியும் இவை உறுதியாக நிற்கின்றன. அமெரிக்க உயர்கல்விச் சட்டத்தின் விளக்கப்படி, பெற்றோர் இருவருமே இளநிலைப் பட்டம் முடிக்காதவர் என்றால் நீங்கள் முதல் தலைமுறை. உங்கள் அப்பாவிடம் இருப்பது டிப்ளமா, பட்டம் இல்லை. அந்த விளக்கத்துக்குள் நீங்கள் வருகிறீர்கள். ஆனால் ஒவ்வொரு வங்கியும் தன் விளக்கத்தைத் தானே எழுதிக்கொள்ளலாம். "குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவர்" என்று எழுதியிருந்தால் பாலிடெக்னிக் கல்லூரியா இல்லையா என்ற கேள்வி கிளம்பும். ஊகித்துக்கொண்டு டிக் போடாதீர்கள். "என் தந்தை இந்தியாவில் மூன்றாண்டு டிப்ளமா முடித்தவர், பட்டம் பெறவில்லை. உங்கள் விதிப்படி நான் தகுதி பெறுவேனா?" என்று பணியமர்த்தும் குழுவுக்கு இரண்டு வரி எழுதிக் கேளுங்கள். வரும் பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு யாராவது கேட்டால் அந்த மின்னஞ்சல் உங்களுக்காகப் பேசும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தியப் பட்டம் இங்கே கணக்கில் வராது என்று நினைத்து, பிகாம் படித்த அப்பாவை வைத்துக்கொண்டு முதல் தலைமுறை என்று போடுபவர்கள் இருக்கிறார்கள். சட்ட விளக்கத்தில் அமெரிக்கப் பட்டம் என்று எங்கும் இல்லை. அது தவறான பதில்.

மூன்றாண்டில் முடிப்பது பற்றிக் கேட்டீர்கள். வங்கிகள் பார்ப்பது பட்டம் பெறும் தேதியை, எத்தனையாவது ஆண்டு படிக்கிறீர்கள் என்பதை அல்ல. முக்கியமான கோடை இன்டர்ன்ஷிப் பட்டத்துக்கு முந்தைய கோடையில் வரும், அதற்கான ஆள் எடுப்பு ஓராண்டுக்கும் முன்பே தொடங்கிவிடும். டைவர்சிட்டி திட்டங்கள் பல அதற்கு முந்தைய படி. நீங்கள் மூன்றாண்டில் முடிப்பதென்றால் வருகிற கோடையே உங்கள் கடைசிக் கோடை, இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கான திட்டங்களுக்கு உங்கள் தேதி பொருந்தாமல் போகலாம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் ரெஸ்யூமேயில் போடும் தேதியும், மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் உள்ள படிப்பு முடியும் தேதியும் ஒத்துப்போக வேண்டும். வங்கிக்கு ஒரு தேதி, குடிவரவுத் துறைக்கு ஒரு தேதி என்று வைத்துக்கொள்ளக் கூடாது. என்னைக் கேட்டால், நான்கு ஆண்டு படிக்கும் செலவைத் தாங்க முடியுமென்றால் அவசரப்பட வேண்டாம் என்பேன்.

அடுத்து சிபிடி. ஒரு முழுக் கல்வியாண்டு முடித்திருக்க வேண்டும், நீங்கள் முடித்துவிட்டீர்கள். வேலை உங்கள் பாடத்திட்டத்தின் பகுதியாக இருக்க வேண்டும் என்பதால், உங்கள் துறையில் இன்டர்ன்ஷிப்புக்கான பாடம் இருக்கிறதா என்று இப்போதே விசாரியுங்கள். அனுமதி அந்த ஒரு நிறுவனத்துக்கும் அந்தத் தேதிகளுக்கும் மட்டும். ஐ-20-ல் அது பதிவாகும் முன் ஒரு நாள் வேலை செய்தாலும் விசா நிலை கெட்டுவிடும். முழுநேர சிபிடி 12 மாதம் சேர்ந்தால் அந்தப் பட்டத்துக்கான ஓபிடி (துறை சார்ந்த வேலை செய்ய, பெரும்பாலும் படிப்பு முடிந்தபின் எடுக்கும் அனுமதி) போய்விடும். பத்து வாரக் கோடைகள் இரண்டு சேர்ந்தாலும் ஐந்து மாதம்கூட ஆகாது, அதனால் கவலை வேண்டாம். இரண்டு மூன்று நாள் அறிமுக நிகழ்ச்சிகளில் வேலை எதுவும் இருக்காது, ஆனால் ஊக்கத்தொகை தருவதாகச் சொன்னால் வாங்கும் முன் டிஎஸ்ஓவிடம் கேளுங்கள்.

இனத்தையோ பூர்வீகத்தையோ சொல்லி உங்களை ஒதுக்கியதாகப் பின்னால் தெரிந்தால், நியூ ஜெர்சி, நியூயார்க் போன்ற மாநிலங்களில் சம வேலைவாய்ப்பு ஆணையத்திடம் புகார் கொடுக்க 300 நாள் அவகாசம். 1866 சட்டத்தின்கீழ் நீதிமன்றம் போகவும் காலக்கெடு உண்டு, வேலைக்கு எடுக்காமல் விட்ட வழக்குகளில் அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அறிவிப்பு, விண்ணப்பம், பதில்கள் எல்லாவற்றையும் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைக்கு அது போதும்.

கடைசியாகச் சாதிச் சான்றிதழ். அமெரிக்கப் படிவம் எதிலும் அதற்கான கட்டம் இல்லை, இணைத்து அனுப்பினால் பார்ப்பவருக்குப் புரியாது. சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில் சட்டம் இயற்றியது. கலிஃபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை அதே ஆண்டு அக்டோபரில் ஆளுநர் நிராகரித்தார். அந்தப் பேச்சு பாதுகாப்பைப் பற்றியது, இடஒதுக்கீட்டைப் பற்றியது அல்ல. ஆனால் பல விண்ணப்பங்களில் உங்களைப் பற்றி எழுதச் சொல்லி ஒரு கட்டுரைக் கேள்வி இருக்கும். உங்கள் குடும்பம் எங்கிருந்து வந்தது, எந்தக் கதவுகள் மூடியிருந்தன, அதைத் தாண்டி நீங்கள் என்ன கற்றுக்கொண்டீர்கள் என்பதை அங்கே தாராளமாக எழுதலாம். ஹார்வர்டு தீர்ப்பே, இனம் தன் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று ஒரு மாணவர் எழுதுவதையும் அதைக் கல்லூரி படித்துப் பார்ப்பதையும் தடுக்கவில்லை. சாதி என்ற சொல்லைப் போடுவதா வேண்டாமா என்பது முழுக்க உங்கள் முடிவு. போட்டால், சாதி என்றால் என்னவென்றே தெரியாதவர் படிப்பார் என்று நினைத்து ஒரே வாக்கியத்தில் விளக்கிவிட்டு, மீதி இடத்தை உங்களைப் பற்றி எழுதுங்கள்.