மாம்பழக் கடை பலகைக்குத் தடித்த செரிஃப் எழுத்து சரியா?

கிருஷ்ணகிரியில் நெடுஞ்சாலை ஓரம் மாம்பழக் கடை போடுகிறேன், ஆங்கிலப் பெயரை அலங்காரமான தடித்த செரிஃப் எழுத்தில் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வைக்கலாம். ஆனால் எந்தச் செரிஃப் என்பதில் கவனம் தேவை.

கோடு முடியும் இடத்தில் சின்னப் பாதம் போல நீண்டிருப்பதுதான் செரிஃப். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் விளம்பரங்களுக்காகச் செரிஃப் எழுத்தின் தடித்த கோடுகளை மட்டும் நன்றாகப் பருக்க வைத்தார்கள். மெல்லிய கோடுகள் மயிரிழையாகவே நின்றன. அந்த ஏற்றத்தாழ்வுதான் அதன் அழகு, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. வண்டியில் வேகமாகப் போகிறவர் கண்ணுக்கு மயிரிழை தெரியாது. ஆங்கிலச் சிறிய 'e' எழுத்தின் குறுக்குக்கோடு மறைந்து 'c' ஆகிவிடும். வெயிலில் ஃப்ளெக்ஸ் வெளுத்தால் இன்னும் மோசம்.

அதனால் பலகைக்குக் கூப்பர் பிளாக் மாதிரி எழுத்தை எடுங்கள். சிகாகோவின் ஆஸ்வால்ட் கூப்பர் வடிவமைத்து 1922-இல் வந்தது. முனைகள் உருண்டை, மயிரிழையே கிடையாது. மாம்பழத்துக்குப் பொருத்தமான கொழுகொழுப்பு! மயிரிழை உள்ள அந்தப் பழைய வகையில் அப்ரில் ஃபேட்ஃபேஸ் என்ற எழுத்துரு இலவசம்தான், அதைக் கையில் எடுத்துப் பார்க்கும் பெட்டி லேபிளுக்கு வையுங்கள்.

தமிழ்ப் பெயருக்குப் பாதம் ஒட்ட வேண்டாம், நம் எழுத்தின் சுழிகளே போதும். தடித்த தமிழ் எழுத்துருவில் ண, ழ சுழிகள் அடைபடாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். செந்தூரா, பெங்களூரா ரக மாம்பழங்களின் விலையும் போன் நம்பரும் சாதாரண எழுத்தில் இருக்கட்டும்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு தாளில் எடுத்துச் சுவரில் ஒட்டி, சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்று படித்துப் பாருங்கள்.