பெர்லினுக்கு மைக்கோடு வரும் அரூர் தம்பிக்கு

ஒலி ஆய்வு படிக்க பெர்லின் வருகிறேன், எந்த ரெக்கார்டர் வாங்குவது, ரூம் கிடைக்குமா, குளிருக்கு என்ன எடுத்து வருவது என்று கேட்டிருக்கிறாய். ரெக்கார்டர் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் பதிவு செய்தால் போதும். குளிருக்கான கோட்டு இங்கே வந்து வாங்கு. ரூமுக்கு அலையத்தான் வேண்டும், எல்லாரும் அலைந்தோம்.

நீ கேட்காததுதான் முக்கியம். பாலக்கோடு தக்காளி மண்டியில் மைக்கை நீட்டினால் ஏலம் விடுகிறவர் குரலை இன்னும் ஏற்றுவார், பக்கத்து ஆள் 'எந்த டிவி?' என்று கேட்டு டீ வாங்கித் தருவார். அதே பழக்கத்தில், வந்த புதிதில் இங்கே ஒரு சந்தையில் ஹெட்போன் மாட்டி நின்றேன். ஆலிவ் விற்றவர் மைக்கை உள்ளங்கையால் பொத்தி, போலீஸைக் கூப்பிடட்டுமா என்றார். தனிப்பட்ட பேச்சை அனுமதியில்லாமல் பதிவு செய்தால் ஜெர்மன் குற்றவியல் சட்டம் 201ஆம் பிரிவில் 3 வருஷம் வரை சிறை உண்டு. ஒப்புதல் தாள் இல்லாமல் பட்டனைத் தொடாதே.

சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. ஹும்போல்ட் பல்கலைக்கழக ஒலிக் காப்பகத்தில் முதல் உலகப் போர்க் கைதிகளின் குரல்களைக் கேட்பாய். 1916 டிசம்பரில், பெர்லினுக்குத் தெற்கே வுன்ஸ்டார்ஃப் முகாமில், மால் சிங் என்ற பஞ்சாபிச் சிப்பாய் பேசியிருக்கிறான். ஹிந்துஸ்தானில் வெண்ணெய் தின்ற ஒருவன் இப்போது ஊர் திரும்ப ஏங்குகிறான் என்று, தன் கதையை யாரோ ஒருவன் கதைபோலச் சொல்கிறான். பதிவு செய்த ஜெர்மன் ஆய்வாளர்களுக்கு வேண்டியதோ மொழி மாதிரிகள். கைதி, மாட்டேன் என்று சொல்லியிருக்க முடியுமா?

அப்புறம், இங்கே இருக்கிற நம்ம ஆட்கள். இரவு 10 முதல் காலை 6 வரை, ஞாயிறு முழுக்க, இங்கே சத்தம் கூடாது. நான் பழகிவிட்டேன், தூசி உறிஞ்சும் மெஷினைக்கூட சனிக்கிழமையே ஓட்டி முடித்துவிடுவேன். ஆனால் வந்து மூணு வருஷம் ஆகாதவர்கள் 'நம்ம ஊரெல்லாம் ஒரே இரைச்சல்' என்று மூக்கைச் சுளிப்பதுதான் எனக்கு ஆகாது. அவர்களே பொங்கலுக்கு வாடகை ஹாலில் சப்வூஃபரை அலற விடுவார்கள்!

எந்த இரைச்சல்? பென்னாகரம் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவில், புளியமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் விடிய விடிய கூத்து கேட்டு வளர்ந்தவன் நான். கூத்தில் ஊதுகிற முகவீணை உச்சத்துக்கு ஏறும்போது குழாய் கரகரக்கும், மைக் செட் மாமா ஓடிப்போய் ஆம்ப்ளிஃபயர் திருகைக் குறைப்பார், அதற்குள் துரியோதனன் அடுத்த அடியைப் பாடியிருப்பார். விமானம் ஏறுவதற்குள் அதை ஒரு ராத்திரி பதிவு செய். கூத்து வாத்தியாரிடம் கேட்டுவிட்டுச் செய், பணமும் கொடு.