‘தி நேக்கட் பிரதர்ஸ் பேண்ட்’ படத்தில் வரும் சிறுவர்களின் ராக் குழு நிஜமா, நடிப்பா? குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கலாமா?

குழுவின் நடுவில் இருக்கும் அண்ணன் தம்பி இருவரும் நிஜம். அவர்கள் பாடும் பாடல்களும் நிஜம். அவர்களுக்கு இருப்பதாகப் படம் காட்டும் உலகப் புகழ் மட்டும், படம் எடுக்கப்பட்ட நாளில், கற்பனை. கேள்விக்கு நேரான பதில் இவ்வளவுதான். ஆனால் இதே கேள்வியை என் எட்டு வயது மகள் படத்தின் நடுவில் என்னிடம் கேட்டபோது ஒரே வரியில் சொல்லி முடிக்க என்னால் முடியவில்லை. பதினோரு ஆண்டுகளாகச் சிறுவர்களுக்குக் கீபோர்டு கற்றுக்கொடுத்து வருபவள் என்பதால் இந்தப் படத்தின் மீது எனக்குத் தனிப் பற்று உண்டு. ஆகவே இங்கும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

படத்தை எழுதி இயக்கியவர் பாலி டிரேப்பர் என்ற அமெரிக்க நடிகை. குழுவின் நடுநாயகர்களாக வரும் நாட் வுல்ஃப், அலெக்ஸ் வுல்ஃப் இருவரும் அவருடைய சொந்தப் பிள்ளைகள். நாட் பாடுகிறான், கீபோர்டு வாசிக்கிறான். அலெக்ஸ் டிரம்ஸ் வாசிக்கிறான். குழுவில் இருக்கும் மற்றச் சிறுவர்களில் சிலர் மழலைப் பள்ளிக் காலத்திலிருந்தே அவர்களோடு பழகிய நண்பர்கள். பிள்ளைகளின் தந்தை மைக்கேல் வுல்ஃப் பெயர்பெற்ற ஜாஸ் பியானோ கலைஞர். அர்செனியோ ஹாலின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இசைக்குழுவை நடத்தியவர். படத்திலும் அவரே தந்தையாக வருகிறார். 2005 அக்டோபரில் நியூயார்க் மாநிலத்தின் ஹாம்ப்டன்ஸ் திரைப்பட விழாவில் இது முதலில் திரையிடப்பட்டபோது அண்ணன் நாட்டுக்கு 10 வயது. தம்பி அலெக்ஸுக்கு 8 வயது நிறைய இன்னும் சில நாட்கள் இருந்தன. அந்த விழாவில் பார்வையாளர் விருதையும் படம் பெற்றது.

பெயரைக் கேட்டுப் பெற்றோர் சிலர் தயங்குகிறார்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். மிகச் சிறு வயதில் குளியல் தொட்டியிலிருந்து எழுந்து ஓடிவந்து, ‘நாங்கள்தான் அம்மண சகோதரர்கள் இசைக்குழு’ என்று பிள்ளைகள் கத்தியதிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர் அது. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

நடிகனாக வேண்டும் என்று நாட் சிறு வயதிலிருந்தே பெற்றோரிடம் கேட்டுக்கொண்டிருந்தான். திரைத்துறையின் உள்ளும் புறமும் அறிந்த அவர்கள் அதற்கு எளிதில் இசையவில்லை. வீட்டு மனிதர்களையும் நண்பர்களையும் வைத்துத் தாயே கேமராவை ஏற்பாடு செய்துகொண்டு எடுத்த இந்தப் படம், பிள்ளையின் ஆசைக்கும் பெற்றோரின் கவலைக்கும் நடுவில் கிடைத்த ஒரு வழி என்றே எனக்குப் படுகிறது. இளம் இசைக் கலைஞன் ஒருவனைப் பற்றி டிரேப்பர் எழுதியது இதுவே முதல் முறையும் அல்ல. இதற்குச் சில ஆண்டுகள் முன்பு வந்த ‘தி டிக் கோட்’ படத்தின் திரைக்கதையையும் அவர்தான் எழுதினார். தன் கட்டுப்பாட்டில் இல்லாத உடல் அசைவுகளும் ஒலிகளும் வரும் டூரெட் நோய்க்குறி உள்ள, ஜாஸ் பியானோவில் தேர்ந்த ஒரு சிறுவனின் கதை அது. மைக்கேல் வுல்ஃபுக்கும் அதே நோய்க்குறி உண்டு. இசை வாசிக்கும் பிள்ளையை அருகிலிருந்து கவனித்த கண் இவருக்கு வாய்த்திருக்கிறது என்பதை இரண்டு படங்களிலும் காணலாம்.

இந்தப் படம் மாக்குமென்டரி எனப்படும் போலி ஆவணப்பட வகையைச் சேர்ந்தது. அது என்ன என்று கேட்பவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். நடக்காத ஒன்றை, நடந்ததைப் பதிவு செய்யும் ஆவணப்படத்தின் முறையிலேயே, கையில் ஏந்திய கேமரா, நேர்முகப் பேட்டிகள், மேடைக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும் காட்சிகள் ஆகியவற்றைக் கொண்டு சொல்வதே அந்த வகை. ராக் இசையில் இதற்குப் பெயர்போன முன்னோடி, 1984இல் ராப் ரைனர் இயக்கிய ‘திஸ் இஸ் ஸ்பைனல் டேப்’. இல்லாத ஒரு பிரிட்டிஷ் குழு அமெரிக்காவில் செய்யும் சுற்றுப்பயணத்தைப் பற்றிய படம் அது. அதில் நடித்தவர்களே பாடல்களை எழுதினார்கள், வாசித்தார்கள்; பின்னாளில் அந்தக் குழுவின் பெயரிலேயே உண்மையான மேடைகளிலும் ஏறினார்கள். அதற்கும் முன்பே, 1978இல், பீட்டில்ஸ் குழுவின் வரலாற்றைக் கேலியாகத் திருப்பிச் சொன்ன ‘தி ரட்டில்ஸ்’ தொலைக்காட்சிப் படமும் வந்திருக்கிறது.

இந்த இரண்டிலும் பெரியவர்கள் பெரியவர்களைக் கேலி செய்கிறார்கள். கற்பனையான பெயர், ஒட்டுமுடி, இல்லாத வரலாறு என்று எல்லாவற்றுக்கும் பின்னால் நடிகர் பத்திரமாக நிற்கிறார். டிரேப்பரின் படத்தில் பிள்ளைகள் தங்கள் சொந்தப் பெயரிலேயே வருகிறார்கள். கேலி அவர்கள் மேல் விழுந்திருந்தால் தாங்கியிருக்க மாட்டார்கள். ராக் நட்சத்திரங்களைப் பற்றிய ஆவணப்படங்கள் வழக்கமாகச் சொல்லும் கதையின் மேலும், சுற்றி நிற்கும் பெரியவர்களின் மேலும் மட்டுமே விழும்படி அதைத் திருப்பிவிட்டதுதான் இந்தப் படத்தில் நான் மிகவும் மதிக்கும் செயல்.

எப்படி என்று ஒரு காட்சியைக் கொண்டு சொல்கிறேன். ரோசலினா என்ற பெண்ணின் மேல் நாட்டுக்கு ஓர் ஈர்ப்பு. அவளை நினைத்துப் பாட்டெழுதுகிறான். மற்றப் பையன்களுக்கு அது பிடிக்கவில்லை. சண்டை முற்றிக் குழு உடைகிறது. பெரிய குழுக்கள் உடைந்த கதைகளில் அடுத்து என்ன வரும் என்பது நமக்குத் தெரியும்: டிரம்ஸ் வாசிப்பவர் குடியில் விழுவார். இங்கே டிரம்ஸ் வாசிப்பவனுக்கு இன்னும் பால்பற்கள்கூட முழுதாக விழுந்திருக்காது. அவன் எலுமிச்சை சோடாவில் விழுகிறான். கேமராவோ ஒரு குடிகாரனின் சரிவைப் பதிவு செய்யும் அதே கனத்தோடு அவனைப் பின்தொடர்கிறது. நான் சிரித்தேன்; என் மகள் சிரிக்கவில்லை. “இவ்வளவு குடிச்சா அவனுக்கு வயிறு வலிக்காதாம்மா?” என்று கேட்டாள். அவளுக்கு அந்தக் காட்சி நண்பர்களை இழந்த ஒரு பையனின் துக்கம் மட்டுமே. அலெக்ஸும் அதைத்தான் நடித்திருக்கிறான். குடிகாரனைப் போல நடி என்று ஏழு வயதுப் பிள்ளையிடம் சொன்னால் அவன் யாரையாவது பார்த்து அப்படியே போலச் செய்வான். துக்கமாக இருக்கிறது, சோடா குடிக்கிறாய் என்றால் அது அவனுக்கே தெரிந்த விஷயம். நையாண்டி முழுவதையும் கேமராவும் படத்தொகுப்பும் சுமக்க, பிள்ளை தன் மனத்தில் உள்ளதைக் காட்டினால் போதும் என்று ஆக்கியிருக்கிறார்கள்.

போலி ஆவணப்பட முறை சிறுவர்களுக்குப் பொருந்துவதன் காரணமும் இதிலேயே இருக்கிறது. மனப்பாடம் செய்த வசனத்தை ஒப்பிக்கும் குழந்தையின் குரலில் ஒரு தட்டை ஓசை வந்துவிடும். ஆண்டு விழா நாடகங்களில் நாம் எல்லோரும் அதைக் கேட்டிருக்கிறோம். பேட்டி என்ற பெயரில் கேமராவைப் பார்த்துப் பேசச் சொன்னால் அதே குழந்தை தடுமாறும், பாதியில் நிறுத்தும், பக்கத்தில் இருப்பவனைப் பார்க்கும், சொன்னதைத் திருத்தும். வேறு வகைப் படத்தில் வெட்டி எறிய வேண்டியவை எல்லாம் இந்த வகைப் படத்துக்கு உயிர் கொடுக்கின்றன.

தந்தையின் பாத்திரத்தைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். வாழ்நாளெல்லாம் ஜாஸ் மேடைகளில் பியானோ வாசித்த மனிதர், படத்தில் அக்கார்டியனைத் தோளில் மாட்டிக்கொண்டு, பிள்ளைகள் கூச்சப்படும் அளவுக்கு ஆர்வக் கோளாறு கொண்ட அப்பாவாக வந்து நிற்கிறார். அவர் கையில் பியானோ இருந்திருந்தால் பிள்ளைகள் சின்னவர்களாகத் தெரிந்திருப்பார்கள். பிள்ளைகளின் பாட்டு எடுபட வேண்டும் என்பதற்காகத் தன் தேர்ச்சியை அவர் ஒளித்துவைத்தார் என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

இது என்னைத் தொட்டதற்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த ஏழு வயதுப் பையன் ஒருவன், தன் சைக்கிளைப் பற்றி நான்கு வரிப் பாட்டு ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தான். மூன்றாம் வரி தாளத்துக்குள் அடங்காமல் இரண்டு தட்டு நீண்டது. அந்த இடத்தில் அவன் மூச்சு வாங்கிக்கொண்டு சைக்கிள் மணியை வாயாலேயே அடிப்பான். நான் உடனே பென்சிலை எடுத்து அந்த வரியைச் சுருக்கி, நான்கு வரியும் ஒரே அளவில் வருமாறு திருத்தி, வாசித்தும் காட்டினேன். “நல்லா இருக்கு மிஸ்” என்றான். அதன்பிறகு அந்தப் பாட்டை அவன் என்னிடம் பாடவே இல்லை. திருத்திய பாட்டு இலக்கணப்படி சரி. ஆனால் அது என்னுடையதாகிவிட்டிருந்தது. இன்றும் அது என் மனத்தை உறுத்துகிறது.

ஆகவே நாட் ஆறு வயதில் எழுதிய ‘கிரேஸி கார்’ பாடலைக் கேட்கும்போது என் காது வேறு ஒன்றைத் தேடியது. அந்தப் பாட்டில் ஒரு ஏக்கம் இருக்கிறது. எதற்கான ஏக்கம் என்று பாடுபவனுக்கே தெரியாத ஏக்கம். பெரியவர் எழுதியிருந்தால் அதற்கொரு காரணத்தைச் சொல்லி முடித்திருப்பார். ஒரு தொழில்முறைக் கலைஞர் வீட்டிலேயே இருந்தும் பாட்டின் குழந்தைத்தனம் இழைத்துத் தேய்க்கப்படாமல் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. இசை கற்பிப்பவர்களும் பெற்றோர்களும் இந்த ஒன்றுக்காகவேனும் படத்தைப் பார்க்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

குறைகளும் உண்டு. சிண்டி லாப்பர், டோனி ஷலூப், ஜூலியன் மூர், அர்செனியோ ஹால் போன்ற பிரபலங்கள் தங்கள் சொந்தப் பெயரிலேயே ஆங்காங்கே தலைகாட்டுகிறார்கள். ஆவணப்படம் என்ற நம்பிக்கையை அது வலுப்படுத்துகிறது என்றாலும், அவர்களை அறியாத குழந்தைக்கு அந்த இடங்களில் படம் தேங்கி நிற்கும். என் மகள் இரண்டு முறை எழுந்து தண்ணீர் குடிக்கப் போனது அப்போதுதான். வீட்டுப் படம் போன்ற ஒளிப்பதிவும் பெரிய திரைக்குப் பழகிய கண்ணுக்குச் சற்று உறுத்தலாம்.

இனி புகழ் என்ற கற்பனைக்கு என்ன ஆயிற்று என்பது. நிக்கலோடியன் என்ற அமெரிக்கச் சிறுவர் தொலைக்காட்சியின் முன்னாள் தலைவர் ஆல்பி ஹெக்ட் இந்தப் படத்தைக் கண்டு அதை முன்னெடுத்தார். 2007 ஜனவரி 27 அன்று அதே நிக்கலோடியனில் படம் ஒளிபரப்பாயிற்று. ஒரு வாரத்தில், பிப்ரவரி 3 அன்று, அதே பாணியில் தொடரும் தொடங்கி 2009 ஜூன் வரை ஓடியது. குழுவின் பாடல்கள் ஆல்பங்களாக வந்தன. உலகப் புகழ் பெற்றவர்களாக நடித்த பிள்ளைகளை அமெரிக்காவின் வீடுகளில் குழந்தைகள் உண்மையிலேயே பெயர் சொல்லி அழைக்கத் தொடங்கினார்கள். சகோதரர்கள் இருவரும் பின்னர் தங்கள் பெயரிலேயே ஆல்பம் வெளியிட்டார்கள். வளர்ந்தபின் நடிகர்களாகவும் நிலைபெற்றார்கள். 2014இல் வந்த ‘தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்’ படத்தில் நாட்டையும், 2018இல் வந்த ‘ஹெரிடிட்டரி’ படத்தில் அலெக்ஸையும் பார்த்தவர்கள் நம்மில் பலர் இருப்போம். (இரண்டாவது படம் கடுமையான திகில் படம், தம்பியின் பெயரைத் தேடிக் குழந்தைகள் அதில் போய் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.)

குழந்தைகளோடு பார்க்கலாமா என்றால், தாராளமாகப் பார்க்கலாம். ஏழெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நன்றாகப் புரியும். முதலில் படம், பிறகு தொடர் என்ற வரிசையில் பார்ப்பது நல்லது. தொடரில் மேடையும் ஒளியும் மெருகேறிவிடுவதால், அதை முதலில் பார்த்தவர்களுக்குப் படத்தின் எளிமை குறையாகத் தோன்றிவிடும். இது ஆவணப்படம் போல எடுத்த கதை என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டாம் என்பது என் கருத்து. குழந்தையே சந்தேகப்பட்டுக் கேட்கும் இடம் ஒன்று வரும், அப்போது சொல்லுங்கள். என் மகளுக்கு அந்த இடம், ரசிகர்கள் கூச்சலிட்டுக்கொண்டு துரத்தும்போது வந்தது. “பாட்டு அவங்களே எழுதினதுன்னு சொன்னே. அப்போ இந்தக் கூட்டம்?” என்றாள். கூட்டத்தைப் படத்துக்காகத் திரட்டினார்கள் என்றேன். இரண்டு வருடம் கழித்துத் திரட்டாமலே வந்தது என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அந்தப் பாட்டை மறுபடியும் போடச் சொன்னாள்.