புதிய வட்டு சேர்த்த பின், லினக்ஸ் சர்வர் பழைய வட்டை மவுண்ட் செய்யாமல் நிற்பது ஏன்?

மவுண்ட் செய்தல் என்பது, ஒரு வட்டில் உள்ள கோப்புகளை ஒரு குறிப்பிட்ட கோப்புறை வழியே அணுகும்படி இணைப்பதாகும். எந்த வட்டு எங்கே இணைய வேண்டும் என்பதை லினக்ஸ் சர்வர் எஃப்எஸ்டேப் என்ற கோப்பைப் பார்த்தே அறிகிறது. அதில் பலரும் எஸ்டிஏ, எஸ்டிபி போன்ற பெயர்களை எழுதிவிடுகிறார்கள், சிக்கல் அங்கேதான். அப்பெயர்கள் வட்டுகள் கண்டறியப்படும் வரிசைப்படி லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் சூட்டுபவை என்பதால், புதிய வட்டு சேர்ந்ததும் பழைய எஸ்டிபி எஸ்டிசி ஆகிவிடக்கூடும். ரேஷன் கடையில் ஒருவரை "வரிசையில் மூன்றாவதாக நிற்பவர்" என்று அடையாளம் சொல்வதைப் போன்றது இது. அட்டை எண்ணைச் சொன்னால் அவர் எங்கு நின்றாலும் குழப்பமில்லை. வட்டுப் பகுதிக்கு அத்தகைய எண், ஃபார்மேட் செய்யும்போது பதியும் யூயூஐடி.

பிஎல்கேஐடி கட்டளையால் அதைக் கண்டறிந்து எஃப்எஸ்டேப்பில் எழுதி, ரீபூட் செய்வதற்கு முன்பே மவுண்ட் கட்டளையை 'ஏ' விருப்பத்துடன் இயக்கிச் சோதித்துவிடுங்கள். தரவு வட்டுக்கான வரியில், வட்டு கிடைக்காவிட்டாலும் சர்வர் தொடர்ந்து துவங்கச் சொல்லும் நோஃபெயில் என்ற விருப்பத்தைச் சேர்ப்பதும் நல்லது. இல்லாவிட்டால், சர்வரின் துவக்கத்தை நடத்தும் சிஸ்டம்டி வழக்கமாக 90 வினாடி காத்திருந்து, வட்டு கிடைக்காதபோது, பழுது பார்ப்பதற்கான எமர்ஜென்சி மோடுக்குப் போய்விடும். தொலைவில் உள்ள சர்வர் என்றால் அப்போது தொலைவிலிருந்து இணைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாகவும் நுழைய முடியாது.

மவுண்ட் ஆகவில்லை என்றாலே தரவு அழிந்துவிட்டதாகக் கருதி வட்டை ஃபார்மேட் செய்பவர்கள் உண்டு. இத்தகைய பெயர்க் குழப்பத்தில் தரவுக்கு எதுவும் ஆகியிருக்காது, அதை அழிப்பது அந்த ஃபார்மேட்தான்.